ஒழுகிய இடம்

விழுப்புரத்துப் பட்டறையில், புதிதாகப் பிரித்துக் கட்டிய காரின் எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டியது. திண்டிவனத்திலிருந்து வண்டியெடுக்க வந்த உரிமையாளர் முகம் சுளித்தார்.

"இவன்தாங்க ஆயில் சீல் போட்டான்!" என்று கூட்டாளி நிஜாமுதீனைக் கைகாட்டினான் வெற்றிவேல். "கண்ணை எங்கடா வச்சிக்கினு போட்டே? இனிமே உன்கூடத் தொழிலே வேணாம்!"

நிஜாமுதீன் குனிந்து, எண்ணெய்த் தடத்தைப் பின்தொடர்ந்து மேலே தேடினான். விரலை முகர்ந்தான், நல்லெண்ணெய் மணந்தது. பேட்டரிக்குப் பின்னே ஓர் அகல் கவிழ்ந்து கிடந்தது. காலைப் பூசையில் வெற்றிவேல் எஞ்சின்மேல் ஏற்றிவைத்து, எடுக்க மறந்த அகல்.

வெற்றிவேலும் அதைக் கண்டான்.

"என்னப்பா கோளாறு?" என்றார் உரிமையாளர்.

நிஜாமுதீன் அகலைச் சட்டைப்பைக்குள் மறைத்தான். "சீல்தாங்க. என் தப்புதான், சரி பண்ணிட்டேன்."

திருநீறு பூசிய நெற்றியை நிமிர்த்த வெற்றிவேலுக்கு வலுவில்லை.