ஆணியில் தொங்கிய தம்பிச் சாவி

ஐயாவின் காருக்கு இரண்டு சாவிகள் இருந்தன. அண்ணன் சாவி தினமும் வண்டியோடு ஊர் சுற்றும்; தம்பிச் சாவி வீட்டு ஆணியிலேயே கிடக்கும். சாயங்காலமானால் அண்ணன் அதே ஆணிக்கு வந்து, அன்றைக்குப் போன ஊர்க்கதையெல்லாம் சொல்லும். குற்றாலச் சாரலில் தம்பி நனைந்தது அப்படித்தான்.

"பானெட்டுக்குள்ள ஏதோ கருகுற வாடை அடிக்குதுடா" என்றது அண்ணன் ஒருநாள். "யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு ஐயா இன்னொரு எலுமிச்சம்பழம் கட்டியிருக்கார்."

மறுநாள் நடுரோட்டில் வண்டி தீப்பிடித்தது. ஐயா குதித்துத் தப்பினார். அண்ணன் வண்டியோடு போய்விட்டது.

அப்புறம் சாயங்காலங்கள் வந்தன, கதைகள் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து, கார் கம்பெனிக் கடிதம் ஒன்று ஆணிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. "உங்க வண்டி வயர்ல கோளாறு. கொண்டுவந்தா இலவசமா மாத்தித் தருவாங்க" என்றது.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டது தம்பி.

"கம்பெனிக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். கையெழுத்துக்காக மேஜை மேஜையாக் காத்துக் கிடந்தேன்."

கடிதம் தன் கடைசி வரியையும் வாசித்துக் காட்டியது.

"வரும்போது இரண்டு சாவிகளையும் மறக்காமல் எடுத்து வரவும்."