பன்னிரண்டு நாள் பச்சை

"இதையும் தூக்கிடலாமா சார்?" மேனேஜர் ஹரி திரையில் இருந்த நிரலில் ஒரு வரியைக் காட்டினான்.

"தூக்கிப் பாருங்க. அப்பவும் பில்ட் ஓடினா அது தண்டம். நின்னா வேண்டியது. அவ்வளவுதான் வித்தை," என்றார் வெள்ளைத்துரை.

தரமணியில் அந்தக் கம்பெனி விற்பது ஒரே ஒரு மென்பொருள் லைப்ரரி. நானூறு ஃபைல், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஹெடர் என்கிற துணை ஃபைல் பத்து இருபதை இழுத்துக்கொண்டு வரும். அத்தனையையும் சேர்த்துக் கட்டுவதுதான் பில்ட். ஒழுங்காகக் கட்டி முடிந்தால் சுவரில் தொங்கும் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எது எதை நம்பி நிற்கிறது என்பது பதினாறு வருடமாக வெள்ளைத்துரை ஒருவருக்குத்தான் அத்துப்படி. மனுஷன் எதையும் எழுதி வைத்ததில்லை, கேட்டால் சொல்வார்.

"ஆனா ஒண்ணு ஹரி. பச்சை வந்துடுச்சேன்னு நம்பிடாதீங்க. முன்னாடி கட்டினது உள்ளே கிடந்து தாங்கிக்கிட்டிருக்கும். பழசை அத்தனையும் அழிச்சிட்டு, முதல்ல இருந்து கட்டிப் பார்க்கணும்."

ஹரி தலையாட்டினான். மேனேஜர்தான், ஆனால் வயது முப்பத்து மூன்று. பாதிப் பேச்சிலேயே தலையாட்டிவிடுகிற ரகம்.

வெள்ளைத்துரை தயங்கித் தயங்கி லீவுப் பேச்சை எடுத்தார். தி.நகரில் மகள் கல்யாணம். மாதக் கடைசியில் குழுவில் ஒரு தலை உருளப்போகிறது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. ஐம்பத்திரண்டு வயதில் இந்த நாற்காலி போனால் வேறு எவன் கொடுப்பான்? பயத்தில் நாலே நாள்தான் கேட்டார்.

"பன்னெண்டு நாள் எடுத்துக்குங்க சார். லேப்டாப்பை இங்கேயே வெச்சிட்டுப் போங்க. ஒரு போன் வராது, அதுக்கு நான் கேரண்டி."

அரை நாள் லீவுக்கே தண்ணி காட்டுகிற ஆபீஸ் அது. வெள்ளைத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. புறப்படும் முன் தன் கையாலேயே முழு பில்டையும் கட்டிவைத்து, பச்சையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. சொன்னபடி போனும் வரவில்லை. மேனேஜர்னா இவன்தான் மேனேஜர் என்று சம்பந்தியிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இரண்டு தாம்பூலப் பைகளோடு ஹரியின் அறைக்குள் நுழைந்தார். ஹரி பையை வாங்கவில்லை. ஒரு கவரை அவர் பக்கம் நகர்த்தினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். யாரைக் குறைக்கிறதுன்னு மேலே கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீங்க சொன்ன வழியிலதான் பார்த்தேன்." அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உங்களைத் தூக்கிட்டுப் பார்த்தோம். பன்னெண்டு நாளும் பச்சை."

வெள்ளைத்துரை கவரைப் பிரித்தார். பன்னிரண்டு நாள் பச்சைக்கு எதிராக என்னவென்று வாதாடுவது? இத்தனை வருஷமும் தண்டச் சோறுதான் தின்றோமோ என்று நெஞ்சு வெந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

வெளியே லிஃப்ட் பக்கத்தில் ஷாகிரா பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடமாக அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. கையிலிருந்த பையில் ஒன்றை உரிமையோடு வாங்கிக்கொண்டாள்.

"அப்பாடா, வந்துட்டீங்க. நீங்க போன மறுநாளே பில்ட் படுத்துருச்சு சார். இன்னைக்கு வரைக்கும் எழுந்திரிக்கல. ஹரிக்குத் தெரிஞ்சா மண்டபத்துக்கே போன் போட்டு உங்களை இழுத்துடுவார். பொண்ணு கல்யாணத்துல மனுஷன் நிம்மதியா நிக்கட்டுமேன்னு நாங்க யாரும் மூச்சு விடல."

வெள்ளைத்துரை அவளையே பார்த்தார்.

"பச்சைன்னாரேம்மா?"

"அதுவா?" ஷாகிரா சிரித்தாள். "தினம் நீங்க கட்டிவெச்சிட்டுப் போன பில்டைத்தான் சார் ஓட்டிக் காட்டினோம்."