பாத்திரப் பெட்டி

ஊரில் அடுப்பெரிந்த கடைசி வீடும் பூட்டப்பட்டபோது மூக்காயி என்ற எலி நிறைசூலியாக இருந்தாள். சனங்கள் போன வழியிலேயே போய், நகரத்துக்கு வெளியே புதிதாக எழும்பியிருந்த குடியிருப்பில் ஒரு சமையலறையில் ஒண்டினாள். அங்கேதான் குட்டிகள் பிறந்தன.

அலமாரிக்குப் பின்னால் சம்பந்தம் என்ற கிழட்டு எலி இருந்தார். நகரத்திலிருந்து வந்தவர்.

"எங்க தெருவுல வீட்டையெல்லாம் கடையாக்கிட்டாங்க. குடியிருந்தவங்க இங்க வந்தாங்க, நானும் வந்துட்டேன்."

"அப்ப இங்கயே இருந்துடுவாங்கள்ல, அண்ணே?"

"நானும் அப்படித்தான் நம்புனேன். அங்க பாரு, தாயி."

வீட்டுக்காரி பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறாங்க?"

"ஒருநாள் நகரம்னாங்க, ஒருநாள் சொந்த ஊருன்னாங்க. எது முடிவாச்சோ தெரியல."

வீட்டுக்காரி உள்ளே போனதும், மூக்காயி கண் திறக்காத குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப்போய்ப் பெட்டிக்குள் இருந்த வாணலிக்கு அடியில் விட்டாள்.

"எந்த ஊருன்னே தெரியாம ஏறுறியே?"

"சட்டி போற இடத்துல சோறாக்காமலா இருப்பாங்க?" என்றாள்.

கடைசிக் குட்டியோடு அவள் உள்ளே குதிக்கவும், வீட்டுக்காரி வந்து பெட்டியை மூடவும் சரியாக இருந்தது. மேலே டேப் ஒட்டும் சத்தம் கேட்டது. இருட்டில் குட்டிகளை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். எல்லாம் இருந்தன.

அப்போது பெட்டியின் மூலையில் யாரோ அட்டையைக் கொறிக்கும் சத்தம். ஓட்டை வழியாக நரைத்த மீசை நுழைந்தது.

"கொஞ்சம் நகந்து படு, தாயி."

பெட்டி தரையை விட்டு எழும்பியது.