காளை காட்டாத கழுத்து

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளைக்கு ஊரெல்லாம் சாப்பாடு உண்டு, வேலை மட்டும் கிடையாது. ஒருநாள் அது வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தபோது, செங்கல் ஏற்றிய ஒற்றை மாட்டு வண்டி மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. வண்டிக்காரன் சாட்டையால் விளாசினான்.

“அண்ணே, பின்னாலேருந்து கொஞ்சம் முட்டிவிடுங்களேன்” என்று வண்டி மாடு கெஞ்சியது. நுகத்தடி அழுத்தி அதன் கழுத்தெல்லாம் புண்.

காளைக்கு உடம்பு வணங்கவில்லை. அதை வெளியே சொல்ல முடியுமா? “போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சியோ தம்பி! நீயேதான் இழுத்துத் தீர்க்கணும். நான் குறுக்கே வரக்கூடாது” என்றது.

வண்டி மாடு அதை அப்படியே நம்பியது. முழங்கால் மண்ணில் உரச, மூச்சைப் பிடித்துக்கொண்டு தானே வண்டியை மேட்டில் ஏற்றியது. ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

“நான் உங்களைக் கூப்பிட்டதே தப்புண்ணே. என் பாவம் உங்களுக்கு ஒட்டிக்கிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அடுத்த ஜென்மத்துலயும் நீங்க இந்த நுகத்தடியில மாட்டக்கூடாது. அதை நான் சாமிகிட்ட வேண்டிக்கிறேன்.”

காளை வாயிலிருந்த பழத்தைக் கீழே போட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் பூசாரி வழக்கம்போல மாலையோடு வந்தார். காளை கழுத்தைக் காட்டவில்லை.