இரண்டாவது டேக்

பீப்பி வாயைத் திறந்தாலே போதும், கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பட்டப்பெயருக்கேற்ற ஊதல் குரல். அந்தச் சிரிப்பு நடிகர் முதல்முறையாக ஒரு சோக வேடத்தைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார். காட்சி இதுதான்: மனைவி குளியலறையில் மயங்கி விழுந்ததும் கணவன் ஆம்புலன்சுக்குப் போன் செய்ய வேண்டும்.

முதல் டேக்கில், "ஐயோ, காப்பாத்துங்க!" என்று அவர் கத்தியதும் லைட்மேன் வரை எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"அண்ணே, இன்னொரு தடவை சிரிச்சாங்கன்னா வேற ஆளைத்தான் போடணும்," என்றார் இயக்குநர்.

"கத்தினதுதான் தப்பு தம்பி. நிஜமா பயந்தவன் கத்த மாட்டான். எதிர்ல பேசறவங்களுக்குப் புரியணுமேன்னு நிதானமாப் பேசுவான். விலாசத்தை ரெண்டு தடவை சொல்லுவான்."

இரண்டாவது டேக்கில் அப்படியே செய்தார். கதவு எண், தெரு, மறுபடியும் கதவு எண். லைட்மேன்கூடச் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கம்மா, நிஜமாத்தான் சொல்றேன்," என்று முடித்துவிட்டு, போனையே பார்த்தபடி நின்றார்.

"கட்! பிரமாதம்ணே! ஆனா கடைசி வரி வசனத்துல இல்லையே? இங்க யாருமே சிரிக்கலையே?"

பீப்பி போனை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"அன்னைக்குச் சிரிச்சாங்க தம்பி. என் குரலைக் கேட்டதும் ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல போனை எடுத்த பொண்ணு, 'சார், நீங்கதானே? செம காமெடி!'ன்னு போனை வெச்சிடுச்சு. மறுபடியும் லைன் கிடைக்கறதுக்குள்ள உங்க அண்ணி போயிட்டா."