கடைசிப் பெட்டி

மழலையர் பள்ளியின் முதல் நாள். டீச்சருக்குத் தலை சுற்றியது.

"ஒருத்தரும் அழுகையை நிறுத்தல மிஸ்," என்றார் ஆயா. "ஒருத்தர் தேம்ப ஆரம்பிச்சா மொத்தக் கூட்டமும் சேர்ந்துக்குது. ஜன்னல் கம்பியை விடவே மாட்டேங்கிறாங்க."

"விளையாட்டுக் காட்டினாத்தான் சரிப்படும்."

டீச்சர் விசிலோடு வராந்தாவுக்குப் போனாள்.

"எல்லாரும் இங்க பாருங்க! நாம இப்ப ரயில். முன்னாடி நிக்கிறவங்க தோளைப் பிடிச்சுக்கணும். ஜன்னல் பக்கம் போறப்ப எல்லாரும் டாட்டா காட்டலாம். யாரு இஞ்சின்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலைந்து கைகள் உயர்ந்தன.

"நான்தான்!" என்று முண்டியடித்தது ஒரு நீலச் சட்டை.

"மிஸ், என்னைத் தள்ளுறாங்க!" என்று பின்னால் ஒரு சிணுங்கல்.

"சண்டை போட்டா ரயில் கிளம்பாது. நீலச் சட்டை, நீங்க கடைசிப் பெட்டி. கண்ணைத் துடைங்க... கூ!"

ரயில் கூவிக்கொண்டே ஜன்னலுக்கு டாட்டா காட்டியது, சறுக்குமரத்தைச் சுற்றியது, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. கடைசிப் பெட்டி வெளியேறியதும் ஆயா சட்டென்று கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

தெருவில் நின்ற அப்பாக்களும் அம்மாக்களும் அடுத்தவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, அசடு வழிய அவரவர் வண்டியைத் தேடினார்கள்.

வகுப்பில் களிமண் யானைக்குத் தும்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்த குட்டிப்பெண் நிமிர்ந்தாள்.

"போயிட்டாங்களா மிஸ்?"

"போயிட்டாங்கடா செல்லம்."

"அந்த நீலச் சட்டை எங்கப்பாதான். நாளைக்கு அவரையே இஞ்சினா விட்டுடுங்க மிஸ். இல்லன்னா வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு. அப்புறம் நான்தான் சமாதானப்படுத்தணும்."