பச்சைக் கதவுக்குள் ஒரு விளக்கு

"ஏனுங்க, சிரிச்சுப் போடாதீங்க. மொகத்தக் கடுகடுன்னு வெச்சுக்குங்க" என்று கணவனின் காதைக் கடித்தாள் கிருபா. "புடிச்சிருக்குன்னு தெரிஞ்சா வெலைய ஏத்திப்போடுவாங்க."

பிரவின்குமார் முகத்தை இறுக்கிக்கொண்டான். ஆபீஸ் முடிந்த கையோடு இழுத்து வந்துவிட்டாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றக்கூட விடவில்லை. பசி வேறு. கடுகடுப்புக்கு அவன் தனியாக நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கோட்டைமேட்டுச் சந்தில் போர்டு வைக்காத ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது, பச்சைக் கதவு என்று இன்ஸ்டாகிராமில் பார்த்திருந்தாள். பச்சைக் கதவு இதோ திறந்தே இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

மூன்று தேக்குக் கால்கள், பித்தளைக் கழுத்து, கவிழ்த்த புனல் மாதிரி மஞ்சள் தகரக் குடை. மாதக்கணக்கில் அவள் தேடித் தேடி அலுத்துப்போன அறுபது வருஷத்து ஸ்டாண்டு விளக்கு!

ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பெங்களூரிலிருந்து நாத்தனார் அக்ஷிதா வருகிறாள். போன தடவை கிருபா ஆசையாக வாங்கி வைத்த 'பழைய' விளக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "பிளாஸ்டிக்குங்களா அண்ணி?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டவள். அந்த அவமானம் கிருபாவுக்கு இன்னும் ஆறவில்லை. இந்தத் தடவை அசல் விளக்கு இல்லாமல் அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று சபதமே போட்டிருந்தாள்.

விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள். விளக்கடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரசாக், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி விளக்கின் கழுத்தில் மாட்டிவிட்டு எழுந்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க."

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி சித்திகாவும் "வாங்க" என்றாள். பிரவின்குமாரின் கடுகடு முகத்தையும் கழுத்து அட்டையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, அவசர அவசரமாக டீ போடப் போனாள்.

"கடைன்னா சாமான் குமிஞ்சு கெடக்கோணுமே. ஒத்தை விளக்குத்தான் இருக்குது?" என்று முணுமுணுத்தான் பிரவின்குமார்.

"பெரிய கடையில இப்படித்தானுங்க, ஒண்ணே ஒண்ணு வெச்சு அழகு காட்டுவாங்க. சும்மாருங்க."

கிருபா குடையைத் தட்டினாள். நகத்தால் சுரண்டினாள். சாட்சாத் தகரம்!

"இது மிட் செஞ்சுரி, அந்தக் காலத்து அசல்தானுங்களே?" என்றாள் அதட்டலாக.

ரசாக் கையைக் கட்டிக்கொண்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்க அத்தா அறுபத்தொண்ணுல வாங்குனது. தெனமும் இதுக்கடியில உக்காந்துதானுங்க பேப்பர் படிக்கறது."

"பாத்தீங்களா, அவங்கப்பா கதை சொல்லி வெலைய ஏத்தறாரு" என்று கணவனிடம் கிசுகிசுத்த கிருபா, ரசாக் பக்கம் திரும்பினாள். "இத நாங்க எடுத்துக்கறமுங்க."

ரசாக்குக்கு முகம் வெளிறிவிட்டது. டீயும் முறுக்குமாக வந்த மனைவியைப் பார்த்தார். குடுத்துப் போடுங்க என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"புடிச்சிருந்தா... எடுத்துக்குங்க" என்றார், பாதிக் குரலில்.

"ரெண்டாயிரம்" என்றாள் கிருபா.

"ஐயோ, காசெல்லாம் வேண்டாமுங்க!"

கிருபா இதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை. "மூவாயிரம்."

"அட, உங்ககிட்டப் போயி காசு வாங்குவமுங்களா?" என்று பதறினாள் சித்திகா.

விலை கட்டாது என்பதைக்கூட கோயமுத்தூரில் எத்தனை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று உள்ளுக்குள் வியந்தாள் கிருபா. ஆனாலும் முகத்தைத் தளர்த்தவில்லை.

"நாலாயிரம். இதுக்கு மேல ஒரு பைசா கெடையாதுங்க" என்று நோட்டுகளை டீ டம்ளருக்கு அடியில் செருகினாள்.

ரசாக்கும் சித்திகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பிரவின்குமார் விளக்கைத் தூக்கினான்.

"ஒரு நிமிசமுங்க" என்று ஓடி வந்த ரசாக், விளக்கின் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அதை இனி எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

காரில் ஏறியதும்தான் கிருபா வாய்விட்டுச் சிரித்தாள். "அக்ஷிதா இப்ப வந்து சுரண்டட்டும்! மொகத்தக் கடுகடுன்னு வெச்சதுல எப்படிப் படிஞ்சுது பாத்தீங்களா?"

பச்சைக் கதவுக்குள் ரசாக் பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுப் பேப்பரை விரித்தார். ஒரு எழுத்தும் தெரியவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் போய்விட்டதே என்று பேப்பரை மடித்து வைத்தார்.

"நம்ம கதவாட்டமே பச்சையடிச்ச பக்கத்து ஊட்டுப் பழைய சாமான் கடை இன்னைக்குப் பூட்டிக் கெடக்குது. நாளைக்குத் தொறந்ததும் போயி எனக்கொரு விளக்குப் பாக்கோணும்" என்றார்.

சித்திகா டம்ளரை எடுத்துக்கொண்டே பெருமூச்சு விட்டாள். "மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க."

"கஷ்டந்தான், என்ன செய்யறது? மொகத்துல சிரிப்பே இல்லாம உள்ள வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. உன்ற ஸ்கூலுக்குப் புதுசா வந்திருக்கற ஹெட்மிஸ்ட்ரஸ் வாயத் தொறந்து கேக்கறப்ப, இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

சித்திகாவின் கையிலிருந்த டம்ளர் நழுவியது.

"ஐயோ, அப்ப அவரு உங்க கம்பெனிப் புது மேனேஜர் இல்லீங்களா?"